புது ரம்பமும் ஒரு மேஸ்திரியின் மேல் விழுந்த பழியும்

தொழிற்சாலைக்குள் புதிய எந்திரம் ஒன்று வந்து இறங்கும் நாளில் நீங்கள் அதற்குச் சந்தனம் பூசுகிறீர்கள், மாலை சூட்டுகிறீர்கள், எல்லோருக்கும் இனிப்பு வழங்குகிறீர்கள். செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த மாலை வாடுவதற்குள் ஒருமுறையேனும் அந்த எந்திரத்தை ஐயத்தோடு பாருங்கள். பணிக்குப் புதிதாக வரும் மனிதனை மாதக்கணக்கில் தகுதிகாண் நிலையில் நிறுத்தி வைக்கிறோம். அவன் நடையையும் பேச்சையும் கூர்ந்து நோக்குகிறோம். சென்னையிலிருந்து சரக்குந்தில் வந்து இறங்கும் இரும்புக்கோ முதல் நாளே முழு நம்பிக்கையையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறோம்.

பராமரிப்புத் துறையில் இப்போது பொறுப்பேற்றிருக்கும் இளம் நண்பர்களாகிய நீங்கள், என் பணிக்காலத்தில் நான் கற்றவற்றை எழுதித் தரச் சொன்னீர்கள். எண்ணெய் இடும் முறையையும் வார்ப்பட்டை மாற்றும் முறையையும் நான் எழுதப்போவதில்லை. அவை கையேட்டில் உள்ளன. கையேடு எழுதியவன் அறிந்தே விட்டுவிட்ட ஒன்றை எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் இதை நினைத்தால் எனக்குச் சினம் மூள்கிறது. அதைத் தணித்துக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய ஒரு தோல் பதனிடும் ஆலையில் நான் பராமரிப்புக் கண்காணிப்பாளனாக இருந்தேன். தோல் ஆலைக்குத் தச்சுப் பட்டறை எதற்கு என்று புதிதாக வருவோர் வியப்பார்கள். தோல்களைப் பதனிடும் கரைசல்களோடு போட்டுச் சுழற்றும் டிரம் முழுவதும் மரத்தால் ஆனது. ஓர் ஆள் அதனுள் நிமிர்ந்து நிற்கலாம். கனத்த பலகைகளை விளிம்போடு விளிம்பு நெருக்கி, வெளியே இரும்புப் பட்டை இட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு பலகையின் விளிம்பு நூலளவு கோணினாலும் டிரம் கசியும். கசிந்தால் உள்ளே இருக்கும் தோலுக்குக் கேடு. ஆகவே தோல் ஆலையின் உயிர்நிலை தச்சரின் கையில் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

எங்கள் தச்சுப் பட்டறையின் தலைவர் ஞானப்பிரகாசம் மேஸ்திரி. பள்ளிகொண்டாவிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருவார். அடக்கமானவர் என்று அவரை யாரும் குற்றம் சாட்ட முடியாது. தேவாலயப் பாடற்குழுவில் எல்லோரையும் மூழ்கடிக்கும் குரல் அவருடையது. அதே குரலில்தான் பட்டறையிலும் பேசுவார்.

"இந்த ஜில்லாவுல நான் போட்ட டிரம்மு ஒழுகுதுன்னு எவனாவது சொல்லட்டும் சார், ஒழுகுற தண்ணிய அப்படியே டம்ளர்ல புடிச்சிக் குடிக்கறேன்" என்பார். தோல் ஊறிய நீரின் மணத்தை அறிந்தவர்களுக்கு அந்தச் சூளுரையின் கனம் விளங்கும்.

மேசை ரம்பம் வேண்டும் என்று முதலில் கேட்டவரே அவர்தான். கனத்த பலகைகளைக் கையால் அறுத்து அறுத்து அவருடைய தோள்பட்டை தேய்ந்திருந்தது. மேசையின் நடுவே வட்ட ரம்பத் தகடு சுழலும். பலகையைப் பக்கச் சட்டத்தோடு அணைத்துத் தள்ளினால் போதும், நேர்க்கோடாக அறுந்து விழும். ரம்பம் கேட்ட நாளிலிருந்தே அவர் அந்த எந்திரத்தின் வரவை நோக்கிக் காத்திருந்தார். வந்த அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். எந்திரத்தை வெறுத்து, அதன் மேல் பொய்ப்பழி சுமத்தினார் என்று பின்னாளில் பேசியவர்களுக்காக இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதி அதற்கு விளம்பரம் தேடித் தர எனக்கு விருப்பமில்லை. அதன் முகவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர். கையில் பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து அவரே ஒரு பலகையை எடுத்தார். பழக்கூடைக்கு அடிக்கும் அளவுக்கு மெல்லியது. எந்திரத்தை ஓட்டி, அந்தப் பலகையை இரண்டு விரலால் தள்ளினார்.

"வெண்ணெய் மாதிரி போகுது பாருங்க சார்!"

போயிற்று. எல்லோரும் கைதட்டினோம். எங்கள் முதலாளி முகம் மலர்ந்து பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பமிட்டார். முகவர் அடுத்த பேருந்தைப் பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் டிரம்முக்கான கனத்த பலகையை மேஸ்திரி அந்த மேசையில் ஏற்றினார். பாதி தூரம் சென்றதும் ரம்பத்தின் ஓசை மாறியது. அடுத்த நொடி அந்தப் பலகை, அம்பு போல, தள்ளியவரை நோக்கியே திரும்பிப் பாய்ந்தது. மேஸ்திரி உடலைத் திருப்பியதால் வயிறு தப்பியது, இடுப்பெலும்பில் அடி. பலகை பின்சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. தரையில் அமர்ந்தபடியே அவர் சொன்ன முதற்சொல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இன்னா சார் இது, மாடு முட்டற மாதிரி முட்டுது!"

நான் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு எந்திரத்தைச் சோதித்தேன். வெறுமையாகச் சுழலும்போது குறை எதுவும் தெரியவில்லை. அளந்தால் அளவுகளும் சரியாகவே இருந்தன. பிறகு ரம்பத் தகட்டைப் பக்கவாட்டில் வலுவாக அழுத்தினேன். தண்டு அசைந்தது. தண்டைத் தாங்கும் குழியே தேவைக்கு மேல் அகலமாக வார்க்கப்பட்டிருந்தது. மெல்லிய பலகைக்கு அந்த ரம்பம் நேராக நிற்கும். கனத்த பலகை அழுத்தினால் சாய்ந்து, மரத்தை இறுகப் பற்றி, எதிர்த்திசையில் எறியும். வார்ப்பிலேயே பிறந்த குறை. திருகாணியை முடுக்கிச் சரிசெய்யக் கூடியது அன்று.

விற்றவர்களுக்கு இதைத் தெரிவிப்பது எளிது என்று நினைத்தேன். அக்காலத்தில் சென்னைக்குப் பேச வேண்டுமானால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, தொலைபேசியின் அருகிலேயே தவம் கிடக்க வேண்டும். இணைப்புக் கிடைத்ததும் மறுமுனையில் ஒரு பெண்குரல்.

"சார் கேம்ப் போயிருக்காரு."

"எப்போது திரும்புவார்?"

"கேம்ப் முடிஞ்சதும் வருவாரு."

"வேறு யாராவது இருக்கிறார்களா அம்மா? ஓர் ஆள் அடிபட்டிருக்கிறார்."

"அதெல்லாம் சார் வந்தாதான் சொல்ல முடியும். நீங்க லெட்டர் போடுங்க."

மடல் எழுதினேன். குறை என்ன, எங்கே, எந்த நிலையில் தோன்றுகிறது என்று படம் வரைந்தே அனுப்பினேன். விடையாக வந்தது அச்சிட்ட பயன்பாட்டுக் குறிப்பேடு. அதில் 'எந்திரத்தைத் தூய்மையாக வைத்திருக்கவும்' என்ற வரியின் கீழ் யாரோ சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார்கள். மீண்டும் எழுதினேன். உங்கள் ஊரில் மின்னழுத்தம் குறைவு என்றார்கள். அளந்து அனுப்பினேன். மரம் ஈரமாக இருக்கும் என்றார்கள். காய்ந்த மரத்தின் துண்டு ஒன்றைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பினேன். அதற்கு விடையே இல்லை. எந்தக் கேள்விக்கும் அவர்களிடம் ஒரு காரணம் ஆயத்தமாக இருந்தது. அந்தக் காரணம் ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கத்திலேயே இருந்தது. குறையுள்ள பொருளை விற்பதைக்கூட நான் ஒருவாறு பொறுப்பேன், வார்ப்பில் தவறு நேர்வதுண்டு. வாங்கியவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இந்தப் பழக்கத்தை என்னால் பொறுக்க முடியாது.

ஒருவழியாக அந்த முகவர் வந்தார். ஆலையின் வாயிலிலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். முதலாளியின் அறையில் மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்தார். பட்டறைக்கு வந்து பாருங்கள் என்று நான் அழைத்தேன்.

"பாக்கணும்னு இல்ல சார். எல்லா டேனரிலயும் இதே கம்ப்ளெயிண்ட்தான். ஆளுங்களுக்கு மெஷின் பழக்கம் இல்ல. ஆப்பரேட்டர் மிஸ்டேக்."

"எல்லா ஆலைகளிலும் இதே முறையீடு என்றால், குறை எங்கே இருக்கிறது என்று நீங்கள் ஐயப்பட வேண்டாமா?"

அவர் என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். தேநீர் வேண்டாம் என்றார். எந்திரத்தை ஒருமுறைகூடக் காணாமல், கைக்குட்டையை இறக்காமல், தீர்ப்பு வழங்கிவிட்டுப் போனார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்கள் பெரிய டிரம் ஒன்று பலகை இற்றுப்போய் நின்றிருந்தது. அதில் ஏற்ற வேண்டிய தோல்கள் சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்தன. சுண்ணாம்பில் நாள் கூடினால் தோல் தளர்ந்து பயனற்றுப் போகும். ஏற்றுமதிக்கு நாள் குறித்தாயிற்று. முதலாளி கெட்டவர் அல்லர்; ஊழியரின் வீட்டுத் துக்கத்துக்குத் தானே வந்து நிற்பவர். ஆனால் நெருக்கடி ஒரு மனிதரிடம் எப்போதும் எளிதான விடையைத்தான் நீட்டுகிறது. சென்னையில் இருக்கும் நிறுவனத்தின் மேல் சினம் கொள்வது கடினம். எதிரே நிற்கும் மேஸ்திரியின் மேல் சினம் கொள்வது எளிது.

டிரம் கொட்டகையில், எல்லோரும் பார்க்க, முதலாளி மேஸ்திரியை நிறுத்தினார்.

"மேஸ்திரி, புது மெஷினு. கை பழகலன்னா பழகலன்னு சொல்லிடு. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல."

"மெஷினுதான் புதுசு முதலாளி. என் கை பழசு."

"மெட்ராஸ்காரன், படிச்சவன், மெஷினு நல்லா இருக்குதுன்றான். நீ இல்லன்ற. நான் யார நம்பறது?"

"அவன் மெஷின பாத்தானா முதலாளி? மூக்கப் புடிச்சிக்கினு வந்தான், மூக்கப் புடிச்சிக்கினே போய்ட்டான்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. முதலாளியின் முகம் சிவந்தது.

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. அங்க தொட்டில தோல் வீணாப் போவுது, இங்க நீ கதை பேசற. மெஷினு சரியாவற வரைக்கும் நீ வரவேணாம். போ."

நான் இடைமறித்து, எந்திரத்தில்தான் குறை என்றேன். முதலாளி கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். மேஸ்திரி தன் உளிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினார். மூட்டையைத் தோளில் இட்டுக்கொண்டு வாயிலைக் கடந்து போனார்.

தோல்களை அண்டை ஆலையின் டிரம்மில் ஏற்ற இடம் கேட்டுப் பெற்று அந்த நெருக்கடியை ஒருவாறு கடந்தோம். மேஸ்திரியின் நெருக்கடி அப்படிக் கடந்துவிடக் கூடியதாக இல்லை. அவருடைய மகள் வேலூரில் செவிலியர் பயிற்சியில் இருந்தாள். அவள் படிப்பு அவர் கையை நம்பி நடந்தது. அவர் வேறோர் ஆலையில் வேலை கேட்டுப் போனார். அங்கிருந்த மேலாளர், "புது மெஷின உடைச்சவராமே நீங்க?" என்றாராம். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஆலைச் செய்தி அடுத்த ஆலைக்குப் போக ஒரு தேநீர்க்கடை போதும். ஒரு தச்சருக்குச் சொத்து என்பது அவர் கையைப் பற்றி ஊர் சொல்லும் சொல்தான். அதை அந்த முகவர், கைக்குட்டைக்குள்ளிருந்து பேசிய இரண்டே ஆங்கிலச் சொற்களால் அழித்துவிட்டார்.

பிறகு நிறுவனத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. நல்லெண்ண அடிப்படையில், குழிக்குள் தண்டைச் சுற்றியிருக்கும் தாங்கியை, அதாவது பேரிங்கை, இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். அதற்கு ஒரு நிபந்தனை: பழுது இயக்கியவரின் தவறால் நேர்ந்தது என்று ஆலையின் பராமரிப்புப் பொறுப்பாளர், அதாவது நான், எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

நண்பர்களே, இதைவிட இழிவான ஒன்றை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. அவர்கள் வார்ப்பின் குறையை, அவர்கள் எறிந்த பலகையால் அடிபட்ட மனிதரின் தலையிலேயே எழுதி, அதற்கு என் கையொப்பத்தையும் கேட்டார்கள். அதற்குப் பெயர் நல்லெண்ணமாம்!

முதலாளி என்னை அழைத்தார்.

"போட்டுக் குடுத்துடுங்க சார். ஒரு பேப்பர்தான? மெஷினு ஓடட்டும். ஓடினதும் மேஸ்திரியக் கூப்புட்டுக்கலாம்."

"தவறு அவருடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு அவரைக் கூப்பிடுவது முதலாளி? தாங்கியை மாற்றினாலும் அந்தக் குழி மாறாது. அடுத்து அதன் முன்னே நிற்பவனையும் அது முட்டும். அப்போதும் இயக்கியவன் தவறு என்று இதே தாளைக் காட்டுவார்கள்."

"போட மாட்டீங்களா?"

"என் கையால் மாட்டேன். வேறொருவரைக் கண்காணிப்பாளராக வைத்துக்கொண்டு அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்."

வேலை போனாலும் போகும் என்று தெரிந்தே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எனக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் ஒன்றைத் தெளிவாகக் கண்டிருந்தேன். எந்திரம் ஓட வேண்டும் என்ற அவசரத்தில் நாம் இடும் கையொப்பம், எந்திரத்தைவிட நீண்ட காலம் வாழும்.

முதலாளி என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. பேசவும் இல்லை. அந்த இறுக்கத்தின் நடுவே முகவர் மீண்டும் வந்தார், கையொப்பத்தை நேரில் பெற்றுப் போக. அன்று முதலாளி தம் அறையில் இல்லை. முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி பதனிடாத பச்சைத்தோல் கொண்டு வந்திருந்தார்.

எங்கள் ஆலையில் தோல் வாங்கும் முறையை இங்கே சொல்ல வேண்டும். கட்டின் மேலே இருக்கும் தோலை யாரும் பார்க்க மாட்டார்கள். விற்பவன் நல்லதைத்தான் மேலே வைப்பான். வாங்குபவர் தம் கையாலேயே கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, புரட்டிப் போடுவார். பிறகு விற்பவனிடம் "கை வை" என்பார். அவன் எல்லோரும் பார்க்க அந்தத் தோலின் மேல் உள்ளங்கையைப் பதித்து, இது என் சரக்கு என்று சொல்ல வேண்டும். குறை இருந்தால் அதையும் சேர்த்தே அவன் ஏற்றதாகப் பொருள். கை வைக்கத் தயங்கினால், பேச்சு முடிந்தது. முழுக் கட்டும் திரும்பிப் போகும். எழுத்து எதுவும் கிடையாது.

முதலாளி நடுவிலிருந்து ஒரு தோலை உருவினார். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டுகள் அதில் இருந்தன.

"இன்னா இது? கொசுவலையா? கை வை."

வியாபாரி அசட்டுச் சிரிப்போடு குனிந்து உள்ளங்கையைப் பதித்தார். "என் சரக்குதான் பாய். உரிச்சவன் புதுப் பையன். விலையக் கம்மி பண்ணிக்குங்க, நான் ஒண்ணும் சொல்லல."

என்னருகில் முகவர் நின்றிருந்தார். ஒரு கையில் தாளும் பேனாவும். மறு கையில் மூக்கை மூடிய கைக்குட்டை. எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. நான் முதலாளியின் அருகே சென்று, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.

"முதலாளி, மேல் தோலை மட்டும் பார்த்து நாம் ஒரு சரக்கு வாங்கியிருக்கிறோம். பலகையையும் அவரே கொண்டுவந்தார், அறுத்ததும் அவரே. நடுவிலிருந்து நாம் எதையும் உருவவில்லை."

அவர் என் பக்கம் திரும்பினார். தோல் தொழிலில் அவரை ஏய்த்தவர் அந்த வட்டாரத்தில் எவரும் இல்லை. இரும்பு என்றதும் தம் தொழிலின் அறிவையே மறந்துவிட்டதை அவர் உணர்வது முகத்தில் படிப்படியாகத் தெரிந்தது. தச்சுப் பட்டறையை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். முகவருக்கும் வேறு வழியில்லை. முதன்முறையாகப் பட்டறைக்குள் வந்தார். முற்றத்தில் இருந்த ஆட்களும் வேலையை விட்டுவிட்டு வந்து கூடினர்.

முதலாளி மர அடுக்கின் அடியிலிருந்து ஒரு டிரம் பலகையை ஆட்களைக் கொண்டு உருவச் செய்தார். மேசையில் ஏற்றச் செய்தார். நான் எந்திரத்தை ஓட்டினேன்.

"தம்பி, தள்ளுங்க" என்றார் முதலாளி.

"நான் சேல்ஸ் சார். ஆப்பரேட்டர் இல்ல."

"அன்னிக்கு ரெண்டு வெரல்ல தள்ளினீங்களே. இன்னிக்கு ரெண்டு கையும் வெச்சுத் தள்ளுங்க. வெண்ணெய் மாதிரி போவுமே."

"அது... இதுக்கு டிரெயின்டு மெக்கானிக் வரணும் சார். கேம்ப்ல இருக்காரு. வந்ததும் அனுப்பறேன்."

"சரி, தள்ள வேணாம். பலகை மேல கைய வெச்சுக்கினு நில்லுங்க, போதும். எங்க ஆளு தள்ளட்டும்."

முகவர் ஒரு காலடி பின்னால் வைத்தார். ரம்பம் சுழன்றுகொண்டே இருந்தது. டிரம் சுழற்றும் ஆள் ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "மொதல்ல மூக்குல இருந்து கைய எடுக்கச் சொல்லுங்க பாய், அப்பறம் பலகைல வைக்கலாம்!"

பட்டறை அதிரச் சிரித்தார்கள். முகவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து இறக்கினார். ஆனால் கைகளைப் பலகையிடம் கொண்டுபோகவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் என் சினத்தின் வேர். அறியாமையால் பேசியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். தன் கையை அந்தப் பலகையின் மேல் ஒரு நொடியும் வைக்கத் துணியாதவர், மேஸ்திரியின் கை தவறு செய்தது என்று எழுதி வாங்கப் பேனாவோடு வந்திருந்தார்.

"நிறுத்துங்க சார்" என்றார் முதலாளி என்னிடம். ரம்பம் ஓய்ந்தது. "கை வைக்காத சரக்கு எனக்கு வேணாம். வண்டி அனுப்பி எடுத்துக்கினு போங்க."

நிறுவனம் உடனே எடுத்துப் போகவில்லை; அதன் குணத்தை நீங்கள் இதற்குள் அறிந்திருப்பீர்கள். ஆனால் முகவர் பேருந்து நிலையம் சேர்வதற்கு முன்பே செய்தி ஆலைகளுக்குப் போய்விட்டது. அந்த எந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். அதன் பிறகே சரக்குந்து வந்தது. எடுத்துச் செல்வது தங்கள் பெருந்தன்மை என்று ஒரு மடலும் வந்தது. தவறு என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. அடிபட்டவர் நலமா என்ற கேள்வியும் இல்லை.

முதலாளி என்னை அழைத்தார். "மேஸ்திரிய நாளைக்கே வரச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

மேஸ்திரி அப்போது வேலூரில், லாங் பஜாருக்குப் பின்புறம் ஒரு சந்தில், கைவண்டிகள் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் தேடிப் போனபோது ஒரு வண்டிச் சக்கரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு ஆரக்காலை அடித்துப் பொருத்திக்கொண்டிருந்தார். நல்ல செய்தி கொண்டு வந்தவனின் துள்ளலோடு எல்லாவற்றையும் சொன்னேன். முகவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்ட இடம் வந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"சரி சார். அந்த ஆளு தைரியமா கைய வெச்சிருந்தா?"

"வைக்கவில்லையே மேஸ்திரி."

"வெச்சிருந்தான்னு வெச்சிக்குங்க. அவன் நல்ல நேரம், பலகையும் நேராப் போயிருக்குது. அப்ப நான் இன்னா? மெஷின உடைச்சவன்தான?"

ஆரக்காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவரே தொடர்ந்தார்.

"டிரம்மு சரியா இருக்குதான்னு என்னைக் கேட்டுத்தான் தோல் போடுவாங்க சார் அங்க. இத்தினி வருஷம் நான் சரின்னா சரி, இல்லன்னா இல்ல. இந்த ஒரு வாட்டி நான் சொன்னேன், இடுப்புல அடியும் காட்டினேன். நம்பல. அவன் கை வைக்கலன்னதும் நம்பறாங்க. அப்ப அங்க என் பேரு என் கைல இல்ல சார், அவன் கைல இருந்திருக்குது." சக்கரத்தைத் திருப்பி அடுத்த ஆரக்காலை எடுத்தார். "முதலாளி மேல கோவம் இல்ல. நல்லா இருக்கட்டும். நான் வரல. டீ சாப்புட்டுப் போங்க."

நான் வற்புறுத்தினேன். மகளின் படிப்பை நினைவூட்டினேன். கைவண்டிக் கடையில் கூலி குறைவு என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தேநீருக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஆம்பூர் திரும்பி, அவர் சொன்னதை ஒரு சொல்லும் குறைக்காமல் முதலாளியிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "வேற மேஸ்திரி பாருங்க" என்றார்.

பார்த்தேன். வந்தவர் கைத்திறம் உள்ளவர், அமைதியானவர், எல்லோருக்கும் பிடித்தவர். முன்னவருக்கு நேர்ந்ததை அவர் வரும் வழியிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏனெனில் அவர் எங்களிடம் இருந்த காலம் முழுவதும், எந்த எந்திரத்திலும் குறை இருப்பதாக ஒருமுறைகூட வந்து சொன்னதில்லை. கேட்டால், "நல்லாத்தான் ஓடுது சார்" என்பார். எங்கள் பழுதுகளையெல்லாம் அவை உடைந்து விழுந்த பிறகே நாங்கள் அறிந்தோம்.